ஆத்துல நனைஞ்ச கோடிப் புடவை

ஏலவார்குழலின்னு முழுப் பேரைச் சொன்னா எங்க ஆத்தாங்கரையில ஒருத்தருக்கும் தெரியாது. "புடவை அக்கா எங்க?"ன்னு கேளுங்க, பார்க்கிங்ல நிக்கிற எங்க அண்ணன் தனசேகரன்ல இருந்து மாங்கா விக்கிற அம்மா வரைக்கும் ஒரே பக்கமா கை காட்டுவாங்க. அத்தனை பட்டுப் புடவையையும் தோள்ல சொமந்துக்கினு வர்ற அந்தம்மா, தான் மட்டும் வெளுத்துப்போன நைலக்ஸ் புடவையைத்தான் கட்டிக்கினு வருவாங்க. "நீங்களும் ஒரு பட்டு கட்டிக்கினு வந்தா இன்னாக்கா?"ன்னு கேட்டா, "நான் இன்னா போட்டோவுக்கா நிக்கப்போறேன்? போமா"ன்னுடுவாங்க.

நான் ஷாரோன். ஓரிக்கை தாண்டி, பாலாத்தங்கரையை ஒட்டி இருக்குது எங்க காலனி. எங்கம்மா சம்பூர்ணம் பட்டுப் புடவை முந்தியில குஞ்சம் கட்டுறவங்க. டவுன்ல தறியிலிருந்து அறுத்த புடவை எங்கம்மா மடிக்கு வந்துட்டுத்தான் கடைக்குப் போவும். நான் மேக்கப் போடுறவ. எங்க வூட்டு மாட்டுக்கொட்டாய்ல கண்ணாடியும் லைட்டும் மாட்டி, "ஷாரோன் பிரைடல்"னு போர்டு வெச்சவ. மாட்டை எங்க கட்டினீங்கன்னு கேக்காதீங்க, அதுக்கே எங்கம்மா இன்னும் என்னைத் திட்டிக்கினு இருக்குது.

இதெல்லாம் தடுப்பணை வந்தப்புறம் வந்த கூத்து. ஆத்துக்குக் குறுக்கே அணையைக் கட்டினது கெணத்துல தண்ணி ஊறணும்னு. மழை முடிஞ்ச ஒரு நாள் அது மேல தண்ணி வெள்ளையா சரிஞ்சு வுழறதை எவனோ வீடியோ எடுத்துப் போட்டுட்டான். அவ்ளோதான். மொதல்ல பைக்குல பசங்க வந்தாங்க. அப்புறம் குடும்பத்தோட காருல. அப்புறம் கல்யாணம் நிச்சயம் ஆன ஜோடிங்க, கூடவே கேமராக்காரங்க. அணை ஓரத்துல பஜ்ஜிக் கடை, மீன் வறுக்கிற கடை, ஜூஸ் கடை. எங்க அண்ணன் கயிறு கட்டி பார்க்கிங் ஆரம்பிச்சான்.

ரோடு கேட்டு வருஷக்கணக்கா மனு குடுத்தவங்க நாங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணுங்களை மண்ணுல நடத்திக் கூட்டிக்கினு போனோம், அப்போ வரல ரோடு. மெட்ராஸ்காரங்க காரு மண்ணுல பொதைஞ்சு பேஜாரு ஆனப்போ வந்துச்சு. லைட்டு வந்துச்சு, மினி பஸ் வந்துச்சு, வர்றவங்களுக்குன்னு கக்கூஸ் கட்டினாங்க, அதுல எங்க பொம்பளைங்களும் போறாங்க. எங்களுக்காகவா வந்துச்சுன்னா இல்ல. எங்க வாசல் வழியா வந்துச்சான்னா ஆமா. மணல்ல காலை வெச்சா பாட்டில் கண்ணாடி குத்துது, அதுவும் அவங்க கொண்டாந்ததுதான். இதுக்கு சந்தோஷப்படறதா, கோவப்படறதா? எனக்கு இன்னிவரைக்கும் தெரியல.

புடவை அக்கா, எனக்குக் குழலிக்கா, எங்க ஊரு இல்ல. ஐயம்பேட்டையில பொறந்து, பிள்ளையார்பாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. அவங்க வூட்டுக்காரரு பஞ்சாட்சரம் அண்ணன் கோர்வைப் புடவை நெய்யறவரு. உடல் ஒரு கலரு, கரை வேற கலருன்னா அது கோர்வை. வலது பக்கக் கரைக்குன்னு நூல் ஓட்டுற நாடா தனியா ஒண்ணு தள்ளணும், அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஆள் உக்காரணும். கல்யாணமாகி வந்த கையோட அந்த எடத்துல உக்காந்தவங்க குழலிக்கா. ஒருத்தர் எழுந்துட்டா இன்னொருத்தர் சும்மா உக்கார வேண்டியதுதான். "சண்டை போட்டுக்கினா கூட எங்களால மூஞ்சியத் திருப்பிக்கினு போவ முடியாதுமா, பக்கத்துலயே உக்காந்து முறைச்சிக்கணும்"னு சிரிப்பாங்க.

தறிக்காரங்களுக்கு லீவு ஞாயித்துக்கிழமை இல்ல, அமாவாசை. அப்படி ஒரு அமாவாசைக்கு அணையைப் பாக்க வந்தாங்க ரெண்டு பேரும். தண்ணியில ஒரு மெட்ராஸ் பொண்ணு போட்டோவுக்கு நின்னுக்கினு இருந்துச்சு. கட்டியிருந்தது பட்டுன்னு சொல்லி எவனோ தலையில கட்டின பாலியஸ்டர். குழலிக்காவுக்குப் பொறுக்கல. நேரா தண்ணியில எறங்கிப் போயி, "இன்னாமா இது, காஞ்சிபுரத்துக்கு வந்து இதைக் கட்டிக்கினு நிக்கிறியே, எங்க மானம் போவுதே"ன்னு திட்டிட்டு, கொசுவத்தைப் பிரிச்சு மறுபடி வெச்சு வுட்டுட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணு கெஞ்சி, அடுத்த வாரமே அக்காவோட பழைய பட்டு ஒண்ணை வாடகைக்கு வாங்கிக் கட்டுச்சு.

அப்படி ஆரம்பிச்சது. தெருவுல இருக்கிற பொம்பளைங்க டிரங்குப் பொட்டி எல்லாம் தெறந்துக்கிச்சு. வளைகாப்புக்குக் கட்டினது, மூத்த பொண்ணு காதுகுத்துக்குக் கட்டினது, எடை கூடிட்டதால கட்ட முடியாதது, எல்லாம் மஞ்சப்பையில ஏறி ஆத்துக்கு வந்துச்சு. சனி ஞாயிறு அக்கா ஆத்துல, மத்த நாளு தறியில. பஞ்சாட்சரம் அண்ணன் சனி ஞாயிறு தறி முன்னாடி சும்மா உக்காந்திருப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அதுதான் அவரு திட்டற விதம்.

ஒரே ஒரு சட்டம் வெச்சிருந்தாங்க அக்கா. கோடி ஆத்துக்கு வராது. கோடின்னா இன்னும் தண்ணி படாத, யாரும் கட்டாத புதுப் புடவை. "கல்யாணப் பொண்ணு ஒடம்புல ஏறுறதும் கோடி. செத்தவங்க மேல பொறந்த வூட்டுலேருந்து கொண்டாந்து போத்துறதும் கோடி. அதை வெச்சிக்கினு வெளையாடக் கூடாது ஷாரோனு"ன்னு சொல்லுவாங்க. வாடகைக்கு எல்லாமே கட்டின புடவைதான்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, கீர்த்தி. ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போவுது. உதயகுமாருன்னு பையன், அவங்களும் நெசவுக் குடும்பம், தையில கல்யாணம்னு பேசியாச்சு. முகூர்த்தப் புடவை பையன் வூட்டுல எடுக்கறதுதான் வழக்கம். ஆனா அவங்களே, "பொண்ணோட அப்பா கையில நெய்யறதைவிட நாங்க எங்கே போயி எடுக்கப்போறோம், நீங்களே நெய்ங்க"ன்னுட்டாங்க. பஞ்சாட்சரம் அண்ணனுக்கு அன்னிக்குத் தலை கால் புரியல. எத்தனையோ பேரு வூட்டுக் கல்யாணத்துக்கு நெஞ்சவரு, தன் பொண்ணுக்குன்னு சொந்தக் காசுல நூலு வாங்கிப் பாவு போட்டாரு. மாம்பழக் கலரு உடல், அரக்குக் கரை. ஒரு பாவுல மூணு புடவை வரும். மொதல் புடவை கீர்த்திக்கு, மத்த ரெண்டையும் வித்து செலவை எடுத்துக்கலாம்னு நெனைச்சாரு.

மொதல் புடவை முடிஞ்சு தறியிலிருந்து அறுத்தாங்க. மஞ்சள் குங்குமம் வெச்சு, ஏகாம்பரநாதரு சன்னதியில வெச்சு எடுத்துக்கினு வந்தாங்க. இனி குஞ்சம் கட்ட வேண்டியதுதான் பாக்கி. குஞ்சம்னா எங்கம்மாதான். அக்கா வாடகைப் புடவைங்களை ஒரு பையில, கோடியை ஒரு தனிப் பையில வெச்சு மார்போட அணைச்சிக்கினு, அந்த ஞாயித்துக்கிழமை மினி பஸ்ல வந்து எறங்கினாங்க. மார்கழி ஆரம்பம். தையில கல்யாணம் வெச்சவங்க எல்லாம் போட்டோவுக்குக் குவிஞ்ச நேரம்.

அன்னிக்கு பூந்தமல்லியிலேருந்து வந்த பொண்ணு திரிஷா. கட்டிக்கப் போற பையன் பிரேம்நாத். நான்தான் மேக்கப் போட்டேன். புடவை வேணாம், கவுன்தான் வேணும்னுச்சு. பின்னாடி தோகை மாதிரி நீளமா துணி வுட்ட கவுனு. கேமராக்காரரு சந்தோஷ்குமாரு, "அந்த டெயில் தண்ணியில மெதக்கணும், இன்னும் ஒரு ஸ்டெப் பின்னாடி போங்க மேடம்"னாரு. அந்த எடத்துல காங்கிரீட் மேல பாசி. அதுக்குக் கீழ, அந்தக் காலத்துல லாரி லாரியா மணல் அள்ளின பள்ளம். எங்க ஊருல அங்க மாடு கூட எறங்காது. போர்டு வைக்கச் சொல்லி எங்க அண்ணன் கேட்டான், "போர்டு வெச்சா கூட்டம் வராதுபா"ன்னு கடைக்காரங்க சேந்து தடுத்துட்டாங்க.

கால் வழுக்குச்சு. கத்தக்கூட இல்ல. தண்ணியைக் குடிச்ச அந்தக் கவுனு பொண்ணைக் கீழ இழுத்துச்சு. எங்க அண்ணன் பார்க்கிங் கயித்தை வுட்டுட்டு ஓடிப்போயி குதிச்சான். கூட ரெண்டு மீன்காரங்க. கவுனு காலைச் சுத்திக்கினு வரவே இல்ல, கத்தியால கிழிச்சு அறுத்து வுட்டுட்டுத்தான் பொண்ணைத் தூக்கிக்கினு வந்து மணல்ல போட்டாங்க. கர்த்தரே, அந்தப் பொண்ணு மேல உள்பாவாடையும் ஒரு துண்டுத் துணியும்தான். ஒதடு நீலம். அசைவே இல்ல.

சுத்தி நின்னவங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? போனை எடுத்தாங்க. அத்தனை கையிலயும் போனு. பிரேம்நாத்து கையும் ஓடாம காலும் ஓடாம நிக்கிறான். நான், "த்தூ, அக்கா தங்கச்சியோட பொறக்கலையாடா"ன்னு கத்தறேன், ஒருத்தன் காதுல வுழல. என் துப்பட்டாவை உருவறதுக்குள்ள, கூட்டத்தைத் தள்ளிக்கினு குழலிக்கா வந்தாங்க. வாடகைப் பை பஸ் ஸ்டாப்பாண்ட கெடக்குது. கையில இருந்தது அந்த ஒரு பைதான். உள்ள கையை வுட்டு உதறினாங்க. மாம்பழக் கலரு பளிச்சுனு விரிஞ்சுது. பொண்ணை தலையிலேருந்து கால் வரைக்கும் போத்திட்டு, "இப்ப எடுங்கடா! எடுங்கடா பாக்கலாம்!"னு கத்தினாங்க.

எங்க அண்ணன் புடவைக்குள்ளயே கையை வுட்டு நெஞ்சை அழுத்தினான். திரும்பத் திரும்ப அழுத்தினான். அப்புறம் புடவை அசைஞ்சுது. உள்ளேருந்து ஒரு இருமல். தண்ணியைக் கக்கிட்டு அந்தப் பொண்ணு "அம்மா"ன்னுச்சு. குழலிக்கா மணல்ல உக்காந்துட்டாங்க. நானும் அழுதுட்டேன்.

ஆம்புலன்ஸ் புடவையோடயே ஏத்திக்கினு போயிடுச்சு. அது போனப்புறம்தான் எங்கம்மா ஓடி வந்து, "ஏம்மா, எந்தப் புடவை அது?"ன்னு கேட்டுச்சு. குழலிக்கா வெறும் பையைப் பாத்தாங்க. "எனக்கு ஒண்ணுமே புரியலமா சம்பூர்ணம், கை தானா போச்சு"ன்னாங்க.

வூட்டுல போயி பஞ்சாட்சரம் அண்ணன்கிட்ட சொல்லும்போது நானும் கூட இருந்தேன், தனியா வுட மனசு வரல. எல்லாத்தையும் கேட்டாரு. திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"சாயம் போச்சா?"

அக்கா முழிச்சாங்க. "பாக்கலையேங்க." அவரு எழுந்து போயி வாசல்ல நின்னுட்டாரு. மஞ்சள் மேல அரக்குக் கரையோட சாயம் எறங்கிச்சுன்னா நெஞ்சவனுக்கு அதைவிடக் கேவலம் வேற இல்லியாம். அதை அக்காதான் அப்புறம் எனக்குச் சொன்னாங்க.

மறுநாளே ஆபீசருங்க வந்து கயிறு கட்டி, "குளிக்கத் தடை"ன்னு போர்டு வெச்சாங்க. மீன் சட்டி எல்லாம் கவுந்துச்சு. என் மேக்கப் ரூம்ல ஒரு ஆள் இல்ல. எங்க அண்ணன் உசுரக் குடுத்துக் காப்பாத்தினவன், அவனையே நாலு பேரு, "எல்லாம் உங்களாலதான்"னு ஏசினாங்க. செத்திருந்தா மட்டும் தெறந்து வெச்சிருப்பாங்களா? நல்லா வாயில வருது எனக்கு.

ஆனா அந்த வீடியோ இருக்குதே, அது வேற வழியில போச்சு. புடவையை உதறிப் போத்துறது, புடவைக்குள்ள பொண்ணு இருமறது, அது மட்டும் வெட்டி எடுத்து, "பட்டு பட்டதும் உசுரு வந்துச்சு"ன்னு எவனோ எழுதிட்டான். ஊரெல்லாம் சுத்துச்சு. கொஞ்ச நாள்ல கூட்டம் முன்ன விட அதிகமா வந்துச்சு. தண்ணியில எறங்க முடியாது, கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கினு, "அந்த எடம் எது? அந்தப் புடவை அக்கா யாரு?"ன்னு கேக்கறாங்க. ஒரு ஜோடி வந்து, பொண்ணு மணல்ல படுத்துக்குமாம், அது மேல பையன் பட்டுப் புடவையைப் போத்துவானாம், அப்படி எடுக்கணுமாம். அடப்பாவிங்களா!

டவுன்ல வேற கதை ஓடிக்கினு இருந்துச்சு. உதயகுமாரோட பெரியம்மா கங்கையம்மாள் வந்து அக்கா வூட்டுக் கூடத்துல உக்காந்தாங்க. கெட்டவங்க இல்ல, ஆனா மனசுல பட்டதை டப்புனு போட்டு ஒடைக்கிறவங்க.

"அது கல்யாணக் கோடி இல்ல குழலி. படுத்துக் கெடந்த ஒடம்பு மேல விரிச்சுப் போட்டது. நம்ம வழக்கத்துல அப்படி யாருக்குப் போடுவோம்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"பொண்ணு உசுரோடதாங்க இருக்குது."

"போத்தும்போது உசுரு இருந்துச்சா?"

 அக்கா அதையே என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் எங்க அண்ணனைக் கேட்டேன். அவன் தன் கையைப் பாத்துக்கினே, "மூச்சு கைக்குத் தட்டுப்படலபா. இருந்திருக்கலாம். எனக்கே தெரியல"ன்னான். பொய் சொல்லத் தெரியாத முண்டம். இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா கொறைஞ்சிடும்?

கங்கையம்மாள் போவும்போது நல்ல விதமாத்தான் சொன்னாங்க. "பரவால்ல விடு. நாள் கிட்ட வந்துடுச்சு. நாங்க கடையில ஒண்ணு எடுத்துக்கறோம்." அந்த வார்த்தை பஞ்சாட்சரம் அண்ணனைக் குத்திச்சு. தறிக்காரன் வூட்டுப் பொண்ணு, அப்பன் தறி ஓடிக்கினு இருக்கும்போது கடைப் புடவையில மணையில உக்காருவாளா? அவரு சாப்பிடாம எழுந்துட்டாரு.

கீர்த்தி கேக்கவே வேணாம். "மா, செம மேட்டருமா இது. நான் அதையேதான் கட்டிக்குவேன், எவ இன்னா சொன்னாலும் சரி"ன்னு குதிக்குது. சந்தோஷப்பட வேண்டிய அக்கா பயந்துட்டாங்க. ஒரே பொண்ணாச்சே. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா மனசு அந்தப் புடவை மேலதானே போவும்?

அந்த நேரத்துல திரிஷாவோட அம்மா வந்தாங்க. பூ, பழம், தேங்கா எல்லாம் தட்டுல வெச்சு, அது மேல அந்தப் புடவை. அலசி, நெழல்ல காய வெச்சு, பெட்டி போட்டு மடிச்சிருந்தாங்க. குழலிக்கா காலைத் தொடப் போனாங்க, அக்கா பதறிப் பின்னாடி போயிட்டாங்க. அவங்க போனப்புறம் பஞ்சாட்சரம் அண்ணன் புடவையை வாங்கிக்கினு ஜன்னலாண்ட போனாரு. கரையும் உடலும் சேர்ற எடத்தை வெரலால தடவிக்கினே முழு நீளத்தையும் பாத்தாரு. மடிச்சு அக்கா கையில குடுத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம தறியில போயி உக்காந்துட்டாரு. "திட்டினா கூடத் தேவலமா, இந்த மனுஷன் இன்னா நெனைக்கிறாருன்னே தெரியல"ன்னாங்க அக்கா.

அது போதாதுன்னு எங்க ஆத்தாங்கரை ஆளுங்க அக்கா வூட்டுக்குக் கெளம்பிப் போனாங்க, நானும் கூடப் போனேன். சந்தோஷ்குமாரு, பஜ்ஜிக் கடைக்காரரு, எங்க அண்ணன் கூடத்தான். எனக்கும் உள்ளுக்குள்ள ஆசை இல்லாம இல்ல, பொய் சொல்ல மாட்டேன்.

"அக்கா, அந்தப் புடவையை ஆத்துக்குக் கொண்டாங்க. கட்ட வேணாம், தோள் மேல போட்டுக்கினு ஒரு போட்டோ, அவ்ளோதான். எவ்ளோ வேணா குடுக்க ரெடியா இருக்கறாங்க. உங்களால எங்க கரையே பொழைக்கும்"னாரு சந்தோஷ்குமாரு.

அக்கா ஒவ்வொரு மொகமா பாத்தாங்க. யாரும் வில்லன் இல்ல. எல்லாருக்கும் வூட்டுல அடுப்பு எரியணும். "யோசிக்கிறேன்பா"ன்னாங்க. அவங்க போனதும் என்னைப் பாத்து பொலபொலன்னு அழுதாங்க.

"ஒருத்தங்க பொணத்துக் கோடிங்கறாங்க. ஒருத்தங்க சாமி புடவைங்கறாங்க. பொண்ணு நான்தான் கட்டுவேங்குது. ஊரு வாடகைக்குக் குடுங்குது. அது ஒரு புடவைதானே ஷாரோனு? நானும் அவரும் உக்காந்து நெஞ்ச புடவைதானே? எனக்கு ஒண்ணுமே புரியல."

எனக்கு மட்டும் இன்னா புரிஞ்சுது? "நீங்க இன்னா பண்ணாலும் சரிதாங்க்கா"ன்னு சொன்னேன். உதவாத பதிலு.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா வருவாங்கன்னு கரையில எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. மினி பஸ் வந்துச்சு, போச்சு. அக்கா வரல. நான் போன் போட்டா, பின்னாடி தறி சத்தம்தான் கேக்குது. "பாவுல இன்னும் ரெண்டு புடவை இருக்குதுமா. கோர்வைக்கு ஆள் வேணும்ல"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க. கீர்த்திக்கு ரெண்டாவது புடவை. அதே பாவு, அதே மாம்பழக் கலரு, அதே அரக்குக் கரை. நாளு கம்மி. சனியும் இல்ல, ஞாயிறும் இல்ல, தை அமாவாசைக்குக் கூடத் தறியை நிறுத்தல. தெருவே மூக்கு மேல வெரலை வெச்சுது. இங்க சந்தோஷ்குமாரு டெய்லி எனக்குப் போன் போட்டு, "அக்கா இன்னா சொல்றாங்க?"ன்னு நச்சரிச்சிக்கினு இருந்தாரு.

கல்யாணத்துக்கு ரெண்டு நாளு முன்னாடி புடவையை அறுத்தாங்க. எங்கம்மா இந்த வாட்டி ஆத்தாங்கரைக்குக் கொண்டாரச் சொல்லல, தானே ஷேர் ஆட்டோ புடிச்சு டவுனுக்குப் போயி, அவங்க கூடத்துலயே உக்காந்து குஞ்சம் கட்டிட்டு வந்துச்சு. நனைஞ்ச புடவைக்கும் குஞ்சம் கட்டச் சொன்னாங்களாம். எதுக்குன்னு எங்கம்மா கேட்டதுக்கு, "வேலையைப் பாதியில எதுக்குமா வுடணும்"ன்னாங்களாம்.

முகூர்த்தத்தன்னைக்கு விடியக்காலையிலயே மண்டபத்துல கீர்த்திக்கு மேக்கப் முடிச்சேன். புதுக் கோடி, மாம்பழக் கலரு. கண்ணு பட்டுடும்போல இருந்துச்சு பொண்ணு. அப்போ குழலிக்கா கதவைச் சாத்திட்டு வந்து, கையில இருந்த பையைப் பிரிச்சாங்க.

"எனக்குக் கொசுவம் வெச்சு வுடு ஷாரோனு."

அந்தப் புடவை.  "அக்கா, இதையா? இன்னிக்கா? அந்தக் கங்கையம்மாள் மண்டபத்தையே ரெண்டாக்கிடுவாங்க."

"ஆக்கட்டும். அது நல்லதா கெட்டதான்னு என்னால கடைசி வரைக்கும் கண்டுபுடிக்க முடியல. ஒதவாதுன்னு பொட்டியில போட்டா, அந்தப் பொண்ணு செத்துட்டான்னு நானே சொல்ற மாதிரி ஆவும். வாடகைக்கு வுட்டா, அவ மானத்தை நானே விக்கிற மாதிரி ஆவும். நான் போத்தினேன், நானே கட்டிக்கிறேன். தோஷம்னு ஒண்ணு இருந்தா என்னோட வரட்டும், என் பொண்ணாண்ட போவ வேணாம்."

 கொசுவம் வெச்சேன். எத்தனையோ பொண்ணுங்களுக்கு எத்தனையோ பட்டு கட்டி வுட்ட அக்காவுக்கு, இன்னொருத்தர் கட்டி வுட்டு நான் பாத்தது அன்னிக்குத்தான். கண்ணாடியில தன்னைப் பாத்துக்கவே கூச்சப்பட்டாங்க. கீர்த்தி வந்து அம்மாவைப் பாத்துட்டு, "அய்யோ, நீதான் பொண்ணா, நான் பொண்ணா?"ன்னு கட்டிக்கிச்சு.

மேடைக்குப் போனப்போ கசகசன்னு பேச்சு எழும்புச்சு. ஒரே கலருல அம்மாவும் பொண்ணும். கங்கையம்மாளுக்குப் புரிஞ்சிடுச்சு. எழுந்து கிட்ட வந்தாங்க. "அதுவா குழலி?"ன்னாங்க. "அதுதாங்க. நான்தான் கட்டியிருக்கேன், உங்க வூட்டுப் பொண்ணு கட்டல"ன்னாங்க அக்கா. கங்கையம்மாள் அவங்க மொகத்தைப் பாத்தாங்க. அவங்களும் பொண்ணைப் பெத்தவங்கதான். தன் தலையிலேருந்து கொஞ்சம் பூவை எடுத்து அக்காவுக்கு வெச்சுட்டுப் போயி உக்காந்தாங்க. திரிஷாவும் பிரேம்நாத்தும் வந்து பின் வரிசையில உக்காந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு புடவையைப் பாத்ததும் பிரேம்நாத்து கையை இறுக்கிப் புடிச்சிக்கிச்சு.

தாரை வார்க்கிற நேரம். பொண்ணு கையை மாப்பிள்ளை கையில வெச்சு, மேல பஞ்சாட்சரம் அண்ணன் கையை வெச்சாரு. அம்மாதான் தண்ணி ஊத்தணும். அக்கா சொம்பை டக்குனு சாய்ச்சுட்டாங்க. தண்ணி எல்லாரு கையிலயும் பட்டு, வழிஞ்சு, பாதி அவங்க மடியிலயே கொட்டிடுச்சு. மாம்பழக் கலரு மேல ஈரம் பெரிசா பரவிச்சு, கரை வரைக்கும். ஐயரு மந்திரத்தைச் சொல்லிக்கினே இருக்காரு, பஞ்சாட்சரம் அண்ணன் மட்டும் மந்திரத்தைக் கவனிக்கல. குனிஞ்சு அந்த ஈரத்தையே பாத்தாரு. வெரலால கரையை அழுத்தித் தேய்ச்சு, வெரலைத் திருப்பிப் பாத்தாரு.

"போகல, குழலி. சாயம் போகல"ன்னாரு.

அத்தனை நாளா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அக்கா காத்திருந்தாங்கன்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது. சொம்பைக் கீழ வெச்சுட்டு, மண்டபம் முழுக்கப் பாத்துக்கினு இருக்க, அந்தப் புடவை முந்தியாலயே மொகத்தை மூடிக்கினு அழுதாங்க.